மூன்றரை லட்சம் ரூபாய்க்கு ஐந்து நாள் வெளிச்சம்

கேள்வி: எங்கள் ஊராட்சி ஏரியில் பகலில் குப்பையும் இரவில் செப்டிக் டேங்க் லாரிக் கழிவும் கொட்டுகிறார்கள். சில நாள் ஊராட்சியின் குப்பை வண்டியே அங்கேதான் வந்து கொட்டுகிறது. இளைஞர் மன்றம் சார்பில் நான்கு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஏரிக்கரையில் மரம் நடும் விழாவுக்குப் பிரபல நடிகர் ஒருவரை அழைத்துவர மூன்றரை லட்சம் கேட்கிறார் ஒரு மேனேஜர். “அவர் ஒரு தடவை வந்து பேசினால் ஊர் மனசே மாறிடும்” என்கிறார். நடிகர்கள் சொன்னால் சுற்றுச்சூழல் விஷயத்தில் மக்கள் கருத்து உண்மையிலேயே மாறுமா? முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மேனேஜரின் போனை எடுக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ‘ஊர் மனசு’ என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. நாளைக் காலையில் டீக்கடையில் நின்று நூறு பேரிடம் “ஏரியில் குப்பை கொட்டலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். கொட்டலாம் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். குப்பை வண்டியை ஓட்டிவருகிறவரே சொல்ல மாட்டார். ஊருக்குக் கருத்து ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. மாற வேண்டியவர்கள் நாலைந்து பேர்: ஊராட்சித் தலைவர், செயலாளர், குப்பைக்கு வேறு இடம் காட்ட வேண்டிய அதிகாரி, லாரி முதலாளி. இவர்களுக்கு விழிப்புணர்வு குறைவா? இல்லை. தூரமாகக் கொண்டுபோனால் டீசல் செலவு, அவ்வளவுதான். நடிகர் வந்து கையசைத்தால் டீசல் விலை குறையாது.

சரி, பொதுவாகக் கேட்கிறீர்கள், பிரபலம் பேசினால் என்னதான் நடக்கிறது என்று. ஒருமுறை அதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2016 பிப்ரவரி 28 அன்று ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ ஆஸ்கர் விருதை வாங்கிய கையோடு, மேடையிலேயே பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசினார். அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நாளின் இணையப் பதிவுகளை அள்ளிவந்து கணக்குப் போட்டார்கள். ட்விட்டரில் அன்று ஒரே நாளில் அதைப் பற்றி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். கூகுளில் ‘பருவநிலை மாற்றம்’ என்று ஆங்கிலத்தில் தேடியது வழக்கத்தைவிட 261 சதவீதம் கூடியது. பூமி தினத்தன்று வழக்கமாக எழும் பேச்சையெல்லாம் அந்தச் சில நிமிடப் பேச்சு தாண்டிவிட்டது. அந்தத் தேடல் எத்தனை நாள் உயர்ந்தே இருந்தது தெரியுமா? அன்றைய தினமும் அதற்குப் பின் நான்கு நாளும். ஆக மொத்தம் ஐந்து.

அவர்கள் எண்ணியது தேடலை. கருத்து வேறு விஷயம். மூட்டுவலி என்று நீங்கள் கூகுளில் தேடினால் மறுநாள் காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்றா அர்த்தம்? பிரபலம் கொடுப்பது வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் என்ன செய்கிறோம் என்பது நம் பாடு.

நமக்கே அனுபவம் உண்டு. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னை குடத்தோடு தெருவில் நின்றபோது, அதே டிகாப்ரியோ இன்ஸ்டாகிராமில் நம் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பதிவு போட்டார். நம் செய்திச் சேனல்களுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் செய்தி போய், டிகாப்ரியோ செய்தியாகிவிட்டார். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்தது. பிறகு மழை பெய்தது. பேச்சு நின்றது.

இதே சென்னையில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வந்தது எப்படி? 2003-ல் சட்டம் போட்டு, கெடு வைத்து, குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டியதால் வந்தது. அதிலும் மொட்டை மாடியிலிருந்து ஒரு பைப்பை இறக்கி, மணலில் சொருகிவிட்டுக் கணக்குக் காட்டிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். கெடு முடிந்த பிறகு யாராவது திரும்பிவந்து பார்த்தார்களா? அதைக் கேட்கக் கூடாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பேச்சு விஷயத்தை விட்டு ஆள் மீது தாவிவிடும். 2018 தீபாவளிக்கு, ஆஸ்துமா உள்ள தன்னைப் போன்றவர்களை நினைத்துப் பட்டாசைத் தவிருங்கள் என்று கேட்டார் பிரியங்கா சோப்ரா. அடுத்த மாதமே ஜோத்பூரில் அவர் திருமணத்தில் வாணவேடிக்கை. அதோடு காற்று மாசு என்ற பேச்சே காணாமல் போனது. நாடு முழுக்க அவரைக் கேலி செய்தது, பட்டாசு வெடித்தவர்களுக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. உங்கள் நடிகர் ஏரிக்கரையில் இறங்குவது எந்தக் காரிலிருந்து என்று உங்கள் ஊர்ப் பையன்கள் பார்க்க மாட்டார்களா?

“அப்படியானால் விவேக்?” என்று கேட்பீர்கள். எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விவேக் விதிவிலக்குத்தான். அப்துல் கலாம் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடி மரம் என்று இலக்கு வைத்து, ஏறக்குறைய பத்தாண்டுகள் பள்ளி பள்ளியாகப் போனார். சுமார் 33 லட்சம் கன்றுகள் என்று கணக்குச் சொல்வார்கள். 2021 ஏப்ரல் 17 அன்று அவர் போனபோது, அஞ்சலிக்கு வந்தவர்களில் பலர் கையில் மரக்கன்று இருந்தது. காசு கொடுத்து யாரும் அப்படிக் கூட்டிவர முடியாது.

ஆனால் அது ஏன் நடந்தது என்று பாருங்கள். அவர் மரத்துக்காக முதல் முறை வாய் திறக்கும்போதே, மூடநம்பிக்கையையும் லஞ்சத்தையும் நக்கலடித்து வருடக்கணக்கில் நம்மைச் சிரிக்க வைத்திருந்தார். அதனால் “இதுக்கு எவ்வளவு வாங்கினார்?” என்ற கேள்வி எழவில்லை. ஊர் மாறினாலும் ஒரே வேலைக்காகத் திரும்பத் திரும்பப் போனார். போன இடத்தில் வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தது என்பதுதான் அதில் பெரிய விஷயம். நடிகர் கிளம்பிய பிறகும் அந்தப் பள்ளி மறுநாள் காலை திறந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றை விவேக்கை உதாரணம் காட்டுகிற யாரும் சொல்வதில்லை. மரம் நடுவதற்கு எதிரி கிடையாது. ஒரு வேப்பங்கன்று வைத்தால் யார் பிழைப்பும் கெடாது. எல்லோரும் தலையாட்டுகிற விஷயத்தில் சோம்பலை உதறிவிட ஒரு நல்ல மனிதர் போதும். உங்கள் ஏரி அப்படியா? அங்கே கழிவு லாரிக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று வருமானம் இருக்கிறது. விவேக்கே வந்திருந்தாலும் லாரி முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, ராத்திரி வண்டியை அனுப்பியிருப்பார். அதனால் விவேக்கைக் காட்டி யாராவது காசு கேட்டால், மரத்துக்குச் செல்லுபடியாவது குப்பைக்குச் செல்லாது என்று சொல்லிவிடுங்கள்.

இனி அந்த மேனேஜர். இருபது வருடமாகச் சுற்றுச்சூழல் பிரசாரங்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். இவர்களைப் போல ஒரு ஜாதியை நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் அந்த நடிகரின் மேனேஜரே கிடையாது. மேனேஜருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். முன்பணம் வாங்கிய பிறகு “அண்ணன் ஷூட்டிங்கில் மாட்டிக்கிட்டார், தம்பி நடிகர் வருவார்” என்பார்கள். மூன்றரை லட்சத்தில் நடிகருக்குப் போவது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். சில நடிகர்கள் காசே வாங்காமல் வருகிறார்கள். தன் பெயரில் வசூல் நடந்தது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

அடுத்து வருவது “உலக சாதனை”. ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கன்று, சான்றிதழ் கையோடு, கட்டணம் தனி. உலகத்துக்குத் தெரியாத சாதனை அது. கன்றையும் அவர்களே கொண்டுவருவார்கள், பை மண்ணோடு, வேர் சுருண்டு போய். குழியும் அவர்களே வெட்டுவார்கள், ஏரிக்குள் தண்ணீர் நிற்கிற இடத்தில். சில வருடம் முன்பு இப்படி ஒரு விழாவுக்கு நானே ஆலோசகராகப் போய் மாட்டிக்கொண்டேன். நடிகரைப் பார்க்க வந்த கூட்டம் பாதிக் குழிகளை மிதித்து மூடிவிட்டது. மறுநாள் தண்ணீர் பாட்டில்கள் ஏரியில் மிதந்தன. மூன்றாம் மாதம் கன்றுகளை ஆடு தின்றிருந்தது, கூண்டுகளைக் காணோம். பத்திரிகையில் படம் மட்டும் அருமையாக வந்திருந்தது.

“செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒரு ஸ்பான்சர் முளைத்தால் இன்னும் உஷார். ஏரியை ஒட்டி அவருக்கு மனை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். விழா முடிந்ததும் கரையில் நடைபாதை, அதற்கடுத்து “ஏரி பார்த்த வீட்டுமனைகள்” என்று போர்டு வரும்.

நடிகர் பேச்சால் உருப்படியாக ஏதும் நடக்கவே நடக்காதா என்றால், தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தால் நடக்கும். 2020-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு (பெரிய திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் அவற்றால் சுற்றுச்சூழலுக்கு என்ன கெடுதல் என்று பார்க்கிற விதிகள்) வந்தபோது நடிகர் கார்த்தி அதை எதிர்த்து அறிக்கை விட்டார், சூர்யாவும் சேர்ந்துகொண்டார். அப்போது கருத்து அனுப்ப ஆகஸ்ட் 11 என்று கடைசித் தேதியும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. கோபப்பட்டவருக்கு அன்றைக்கே செய்ய ஒரு வேலை கிடைத்தது. லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. (வரைவைத் தமிழில் தரச் சொல்வதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. அதைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.)

உங்களுக்கான கதவு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. அதற்கு முன்பு, ஏரி யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாசனம் உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. வாயால் கேட்டால் அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள், இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள். உங்கள் ஏரி நடுவில் கிடந்து நாறும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராது. மேல்முறையீடு செய்யுங்கள். நான் இத்தனை வருடத்தில் கற்ற வித்தை இந்தப் பொறுமை மட்டும்தான், அதுவும் இப்போது தேய்ந்துவருகிறது.

கிராம சபையில் “ஏரியைக் காப்போம்” என்று பொத்தாம் பொதுவாகத் தீர்மானம் போடாதீர்கள், அதைக் கைதட்டி நிறைவேற்றிவிட்டு மறந்துவிடுவார்கள். குப்பை கொட்ட எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து, யார் பொறுப்பு என்று மூன்றும் இருக்கட்டும். பதிவேட்டில் எழுதிய பிறகு படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். லாரியை நம்பர் பிளேட் தெரிய, தேதி நேரத்தோடு படம் எடுத்து அதோடு இணையுங்கள்.

இவ்வளவும் கையில் இருக்கும்போது ஏதாவது நடிகர் காசு வாங்காமல் வருகிறார் என்றால், தாராளமாகக் கூப்பிடுங்கள். அப்போது அந்த ஐந்து நாள் வெளிச்சத்துக்கு விலை உண்டு. மரம் நடவைக்காமல் குப்பை மேட்டின் பக்கத்தில் நிறுத்தி, தீர்மான நகலைப் படிக்கச் சொல்லுங்கள். மேனேஜர்கள் இதற்குச் சம்மதிப்பதே இல்லை. படம் வெளியாகும் நேரத்தில் அரசாங்கத்தோடு எதற்கு வம்பு என்பார்கள். சம்மதிக்காவிட்டால் அவர் வருவது யாருக்காக என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

உங்கள் நான்கு லட்சத்தில் முதல் செலவு, லாரி ஏரிக்குள் இறங்குகிற வழியில் ஒரு விளக்கு, ஒரு கேமரா, மாட்டுவண்டி போகலாம் லாரி போக முடியாது என்கிற இடைவெளியில் இரண்டு கல்தூண். தூண் நடுவதற்கு முன் ஊராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஏரி விஷயத்தில் பதிவாகிற முதல் வழக்கு உங்கள் மேல்தான் இருக்கும்.