சிறிய கொல்லையில் அடர்ந்த சோலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் 15 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட இடம் இருக்கிறது. மூன்று பக்கமும் மதில். மேற்கு வெயில் பிற்பகல் முழுவதும் அடிக்கிறது. கேரளத்து வீடுகளில் காண்பதுபோலப் பெரிய பெரிய இலைகளுடன் அடர்ந்த தோட்டம் அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மார்ச் மாதத்தில் வாழைபோல் இலையுள்ள ஹெலிகோனியா, அகன்ற இலையில் பிளவுகளுள்ள மான்ஸ்டெரா, பெரணி வகைகள் எனப் பலவற்றை நர்சரியில் வாங்கி வைத்தேன். தவறாமல் தண்ணீர் ஊற்றியும் மே மாதத்தில் எல்லாம் கருகிவிட்டன. எங்கள் மண்ணுக்கு இந்த ஆசை பொருந்தாததா?
— வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகப் பொருந்தும். நீங்கள் வாங்கிய செடிகளில் குறையில்லை, வரிசைதான் மாறிவிட்டது. இத்தகைய தோட்டத்தில் முதலில் உண்டாக்க வேண்டியது நிழல், அடுத்தது மண், செடிகள் அதற்குப் பிறகுதான். பெரணியும் மான்ஸ்டெராவும் உயர்ந்த மரங்களின் அடியில், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் பிடித்துக்கொள்ளும் வகையில் இலையை அகலமாக்கிக்கொண்டவை. அவற்றை மேற்கு வெயிலில் நிறுத்தி, பின்னால் சூடேறிய மதிலும் அனலை வீசினால், வேர் உறிஞ்சித் தரும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமாகி ஓரங்கள் தீய்ந்துவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது ஈடாகாது. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை இரு பருவங்களிலும் பரவலாகப் பெய்கிறது. சென்னை வட்டாரத்தில் அதில் பாதியளவு மழைதான். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களின் ஈரத்தை நாம்தான் தேக்கி வைக்க வேண்டும்.

ஆகவே முதல் ஆண்டில் மேற்கு மதிலையொட்டி வாழையையும் பப்பாளியையும் வைத்து விரைவான நிழலைப் பெறுங்கள். நிலையான நிழலுக்கு ஒரே ஒரு சிறு மரம் போதும். சரக்கொன்றையை வைக்கலாமா எனப் பலர் கேட்கிறார்கள். மிக அழகான மரம்தான், ஆனால் நிழல் மிகவும் தேவைப்படும் கோடையில் அது இலையை உதிர்த்துவிடும் என்பதால் இங்கு வேண்டாம். கவாத்துக்கு (கிளை வெட்டி அடக்குவதற்கு) ஒத்துழைக்கும், எப்போதும் இலை நிறைந்திருக்கும் கொய்யாவையோ வாட்டர் ஆப்பிளையோ தேர்ந்தெடுக்கலாம். ஆல், அரசு, ரப்பர் மரம் ஆகியவை தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் வேர் நீட்டுபவை. சிறிய கொல்லைக்கு ஆகாது. மரம் வளரும்வரை, முதல் இரண்டு கோடைக்கு, 50 சதவீத நிழல்வலையைக் கட்டிவிடுங்கள்.

அடுத்து மண். நகர்ப்புறக் கொல்லைகளில் ஓரடி தோண்டினாலே செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வரும். ஒன்றரை அடி ஆழத்துக்கு அவற்றை அகற்றிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு அரைப் பங்கு எனக் கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். பாத்தியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்திக்கொண்டால் நவம்பர் மழையில் வேர் அழுகாது. மேலே காய்ந்த இலைகளை மூன்று அங்குல மூடாக்காகப் பரப்பி, தண்டை ஒட்டாமல் சற்று விலக்கி விடுங்கள். கீழே விழும் இலையைத் தினமும் பெருக்கி வெளியே கொட்டும் பழக்கத்தை இந்தத் தோட்டத்தில் மட்டுமாவது கைவிட வேண்டுகிறேன். காடு தன் ஈரத்தைக் காப்பதே அந்தச் சருகால்தான். நடவை ஆவணி, புரட்டாசியில் வைத்துக்கொண்டால் மழைக்காலம் முழுவதும் வேர் ஊன்றிக்கொள்ளும்.

பத்துப் பதினைந்து வகைகளில் ஒவ்வொன்று வாங்குவதைவிட ஐந்தாறு வகைகளைக் கொத்துக் கொத்தாக நடுவதுதான் அடர்த்தியைத் தரும். மதிலோரம் ஒரே வரிசையாக நட்டால் நடுவில் வெறுந்தரை தெரிந்து இடம் இன்னும் சிறுத்துப் போகும். ஒரு மூலையில் அடர்த்தியாகத் தொடங்கி, பாதையைச் சற்றே வளைத்து, வளைவின் உட்புறத்தில் யானைக்காதுச் சேம்பு நிறைந்திருக்குமாறு செய்யுங்கள். கொல்லையின் முடிவு கண்ணுக்குத் தெரியாதவரை அதன் அளவும் தெரியாது. தொங்கும் பூவுடைய ஹெலிகோனியா மண்ணுக்கடியில் கிழங்கோட்டி இரண்டே ஆண்டுகளில் பக்கத்துச் செடிகளை நெருக்கிவிடும். கடப்பைக் கல்லைச் செங்குத்தாக ஒன்றரை அடி புதைத்து வேலியிட்டால் அடங்கும். அதன் அடியில் மஞ்சள் செடியும் வண்ண இலைச் சேம்பான காலேடியமும், மிகுந்த நிழலில் பெரணியும் போதுமானவை.

மணி பிளாண்ட்டை நம்மவர்கள் பாட்டிலில் வைத்து அதன் பெருமையையே மறைத்துவிட்டார்கள். தொங்கவிட்டால் அதன் இலை உள்ளங்கை அளவைத் தாண்டாது. அதையே சொரசொரப்பான தென்னை மரத்திலோ, நார் சுற்றிய கம்பத்திலோ ஏற்றிவிட்டுப் பாருங்கள்: கணுவுக்குக் கணு வேர் பற்றிக்கொள்ள, ஒவ்வொரு புதிய இலையும் முந்தையதைவிடப் பெரிதாகி, ஆளுயரத்தைத் தாண்டியதும் தாம்பாளம்போல் விரிந்து, ஓரங்களில் தானே கிழிந்து தொங்கும். செலவில்லாமல் காட்டின் தோற்றத்தைத் தரும் செடி இதைவிட வேறில்லை.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரையும் துணி துவைத்த நீரையும் இத்தகைய தோட்டத்துக்குப் பயன்படுத்தலாமா?
— வாசகர், கோவை

பதில்: ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தொடர்ந்து ஊற்றினால் பெரணியின் நுனியும் ஹெலிகோனியாவின் ஓரமும் பழுப்பாகிவிடும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். துவைத்த நீரில் முதல் சோப்பு நீரை விட்டுவிட்டு, அலசிய நீரை மட்டும் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம்; அவை தாங்கிக்கொள்ளும். துணி துவைக்கும் கல்லருகே வாழையை வைத்த நம் முன்னோர் வழக்கம் அனுபவத்தில் விளைந்தது. ஒன்றே ஒன்று: தாய்வாழையுடன் ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள்; இல்லையேல் சிறு கொல்லை முழுவதும் வாழையாகிவிடும்.

கேள்வி: வாழை, ஹெலிகோனியா இலைகளின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாகப் படிந்திருக்கிறது, கீழ் இலைகள் கரி பூசியதுபோல் ஆகிவிட்டன. என்ன மருந்து அடிப்பது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இது சுருள் வெள்ளை ஈ. தமிழகத்தில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் கண்டறியப்பட்டு, பின்னர் வேகமாகப் பரவியது. அது சுரக்கும் இனிப்பான திரவத்தின்மேல் வளரும் பூசணமே அந்தக் கரி. கடுமையான பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம். வெள்ளை ஈயின் குஞ்சுகளை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியும் அதில் மடிந்துவிடும். இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கரிப்பூசணம் செதிலாக உதிர்ந்துவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறியையும் தொங்கவிடலாம்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இவ்வளவு செடிகளுக்கிடையே கொசுவும் நஞ்சும் பற்றி அஞ்ச வேண்டுமா?
— வாசகர், மதுரை

பதில்: அஞ்ச வேண்டாம், ஆனால் கவனம் அவசியம். வெண்புள்ளி இலைகளுடைய அழகுச் செடியான டிஃபன்பாக்கியா, யானைக்காது, மணி பிளாண்ட் ஆகியவற்றைக் கடித்தால் அவற்றிலுள்ள ஊசி போன்ற படிகங்களால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அவற்றைக் குழந்தைக்கு எட்டாத பின்வரிசையில் வையுங்கள். அரளியின் எல்லாப் பாகங்களுமே கொடிய நஞ்சு என்பதால் அது கொல்லையிலேயே வேண்டாம். டெங்குக் கொசு தொட்டித் தட்டுகளின் ஓரத்தில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இலைக்குவளையில் நீர் தேங்கும் புரோமிலியாட் வகைகளைக் குழந்தை வளரும்வரை தவிர்த்துவிடுங்கள்.