சால்மனைக் காக்க வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் போதாதா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் 2016 முதல் கடலோர வலையில் சால்மன் பிடிக்கக் கூடாது. சில ஆறுகளிலோ பிடிக்கலாம். முழுத் தடைக்குப் பதில் வலைக்கண்ணைப் பெரிதாக்கி, நாளைக் குறைத்தால் போதாதா?

பதில்: போதாது. வலைக்கண் மீனின் பருமனைத்தான் பிரிக்கும், பிறந்த ஆற்றை அல்ல. முட்டையிடத் தன் ஆற்றுக்குத் திரும்பும் சால்மன், கரையோரத்தில் பல ஆற்று மீன்களோடு கலந்தே வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய ஆற்றுக்கு 2,000 தாய்மீன் வேண்டும், வருவது 3,000. சின்ன ஆற்றுக்கு 500 வேண்டும், வருவது 400. வலை இரண்டிலும் 20 சதவீதம் எடுத்தால் பெரிய ஆற்றில் 2,400 மிஞ்சும், கவலையில்லை. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருக்கும் சின்ன ஆறு 320-க்கு இறங்கிவிடும்.

கண்ணைப் பெரிதாக்கினால் நிலைமை மோசமாகவும் கூடும். கடலில் ஒரே குளிர்காலம் கழித்த சிறு மீன் தப்பிவிடும். இரண்டு, மூன்று கழித்த பெரிய மீன் மாட்டும். அதில் பெண் மீன்தான் அதிகம், முட்டையும் அதிகம். நமக்கு வேண்டியதே அதுதான்!

நாளைக் குறைப்பதும் புதிதல்ல. வலை போடக் கூடாத வார விடுமுறை அங்கே முன்பே இருந்தது: வெள்ளி மாலை 6 முதல் திங்கள் காலை 6 வரை, 60 மணி நேரம். பை வலையில், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மறிப்பு வலைதான் மீனைப் பைக்குள் திருப்பிவிடுகிறது. விடுமுறையில் அதைக் கழற்ற வேண்டும். அலை பலமாக இருந்தால் படகு போகாது, வலை பிடித்துக்கொண்டே இருக்கும். தப்பிய மீனும் திங்களன்று அடுத்த ஊர் வலையில் விழலாம்.

ஆற்றில் வருவது பெரும்பாலும் அந்த ஆற்று மீனே. அதனால் ஆற்றுக்கு ஆறு தரம் பிரிக்க முடிகிறது. தேவையான முட்டை கிடைக்கும் வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் கீழே போனால், பிடித்ததை உயிரோடு விட்டாக வேண்டும்.

மடவை போன்ற மீனுக்குப் போடும் செவுள் வலையிலும் சால்மன் சிக்கும். அது பெரும்பாலும் மேல்நீரில் நீந்துவதால், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பல இடங்களில் வலையின் மேல்கயிறு நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே இருக்க வேண்டும் என்று விதி. நல்ல விதி, ஆனால் ஆழத்தை வற்றுநீரில், அதாவது கடல்மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில், அளக்க வேண்டும். தரையில் நிற்கும் 2 மீட்டர் உயர வலைக்கு வற்றிலும் 5 மீட்டர் தண்ணீர் தேவை. ஏற்றத்தில் அளந்து போட்டால், நீர் வடிந்ததும் மேல்கயிறு சால்மன் நீந்தும் மட்டத்துக்கே வந்துவிடும்.