திக்கித் திக்கி ஓதும் பிள்ளைக்கு இரண்டு கூலி

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு 11 வயது. ஐந்து வருடங்களாகக் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிறான். அவனோடு சேர்ந்த பிள்ளைகள் குர்ஆனை ஓதி முடித்துவிட்டார்கள். இவன் இன்னும் பிள்ளைகள் முதலில் ஓதும் அம்ம ஜுஸ்உவை, அதாவது குர்ஆனின் கடைசிப் பாகத்தை, தாண்டவில்லை. எழுத்துகளின் புள்ளிகள் மாறிப் போகின்றன. நேற்று ஓதியது இன்று மறந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாசிப்பதற்கும் இப்படித்தான் தடுமாறுகிறான். ஆனால் காதால் கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். "இவனுக்கு ஓதல் ஏறாது" என்கிறார் ஓதிக்கொடுப்பவர். பாவத்தால்தான் மறதி வரும் என்று உறவினர் ஒருவர் இமாம் ஷாபிஈயின் கவிதையைச் சொல்லிக் காட்டுகிறார். போன வாரம் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவன், "உம்மா, அல்லாஹ்வுக்கு என்னைப் பிடிக்காதா?" என்று கேட்டான். ஓதலை நிறுத்திவிடலாமா? அது குற்றமாகுமா?
– ஒரு தாய், கிண்ணியா

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். சகோதரி, முதலில் உங்கள் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அதற்கான பதிலை நபி (ஸல்) அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆயிஷா (ரழி) அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான ஹதீஸ் (நபிமொழி) அது. குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களோடு இருப்பார் என்றும், அது தமக்குச் சிரமமாக இருந்தும் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்றும் அதில் கூறப்படுகிறது. ஓதியதற்கு ஒரு கூலி, பட்ட சிரமத்துக்கு ஒரு கூலி என்று அறிஞர்கள் அதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். திறமையாக ஓதுபவரின் தகுதி இதனால் குறைந்துவிடுவதில்லை. ஆனால் தடுமாறுபவரின் தடுமாற்றம் அல்லாஹ்விடம் வீணாகப் போவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டியதில்லை. இந்த ஹதீஸை உங்கள் மகனுக்கு நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

உறவினர் சொன்னது பற்றி ஒரு சொல். மனன சக்தி குறைந்ததைத் தம் ஆசிரியர் வகீஃ அவர்களிடம் முறையிட்டபோது, பாவங்களை விட்டுவிடுமாறு அவர் தமக்கு உபதேசித்தார் என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பெயரில் வழங்கும் கவிதையின் கருத்து. பெரிய மனிதர் ஒருவர் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்ட சொல் அது. பருவமடையாத பிள்ளையைக் குற்றவாளியாக்க அதை எடுத்துக்கொள்வது பெரும் அநியாயம். பருவமடையும்வரை சிறுவர்மீதிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அவர்கள்மீது பாவம் எழுதப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, இந்தப் பிள்ளையின் கணக்கில் எந்தப் பாவத்தைத் தேடுவது?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி, கேட்ட கதையை அவன் ஒரு சொல் விடாமல் சொல்வான் என்பதுதான். அரபிலும் தமிழிலும் ஒருங்கே வாசிப்புத் தடுமாறி, கேள்வியறிவு மட்டும் கூர்மையாக இருக்கிறதென்றால், அது சோம்பலாக இருக்க வாய்ப்பில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சில பிள்ளைகளுக்கு இயல்பிலேயே சிரமம் இருக்கும். டிஸ்லெக்சியா என்று அதைச் சொல்வார்கள். புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரபு எழுத்தோ இத்தகைய பிள்ளைக்கு இன்னும் கடினமானது. பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்று. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. போதாததற்கு, சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் அவை வடிவம் மாறுகின்றன. முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். அவற்றில் குறையில்லை என்றால், திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் சிறுவர் வைத்தியரிடம் இந்தச் சந்தேகத்தை அப்படியே சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

உதவி தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூஸா (அலை) அவர்கள் தமது நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் கேட்டதை 'தாஹா' அத்தியாயத்தில் ஓதுகிறோம். அவர்கள் அதோடு நிற்கவில்லை. தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூனையும் துணையாகத் தரும்படி கேட்டார்கள், இரண்டும் வழங்கப்பட்டன.

ஓதிக்கொடுப்பவரிடமும் மரியாதையோடு பேசுங்கள். எழுத, வாசிக்கத் தெரியாத சமுதாயத்துக்குத் தாம் அனுப்பப்பட்டிருப்பதாகவும், அதில் கிழவியும் முதியவரும் சிறுவனும் சிறுமியும் ஒருபோதும் ஒரு நூலையும் வாசித்திராத மனிதரும் இருப்பதாகவும் நபி (ஸல்) அவர்கள் வானவர் ஜிப்ரீலிடம் முறையிட்டார்கள் என்றும், குர்ஆன் ஏழு ஓதல் முறைகளில் அருளப்பட்டிருப்பதாக ஜிப்ரீல் பதிலளித்தார் என்றும் திர்மிதி என்ற ஹதீஸ் நூலில் வருகிறது. கற்பவரின் இயலாமைக்காக அல்லாஹ்வின் வேதத்தை ஓதுவதிலேயே இலகு கேட்கப்பட்டிருக்கும்போது, நாம் நமது கற்பிக்கும் முறையைக்கூட மாற்றமாட்டோம் என்று பிடிவாதம் பிடிப்பது முறையல்ல. பிரம்பால் புள்ளிகள் நேராவதில்லை. பிள்ளைக்குக் காது வேலை செய்கிறதென்றால் காதின் வழியே கொடுக்க வேண்டும். நல்ல காரியின் (குர்ஆன் ஓதுவதில் தேர்ந்தவரின்) ஓதலில் ஒரே ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவிட்டு, அவன் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தைத் தொட்டு வரட்டும். மணலில் பெரிதாக எழுதிப் பழகுவதும் உதவும். நமது கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்? ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் எல்லா நாளும் வேண்டும். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல் என்பது நபிமொழி.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்ட மரபின்) பேரறிஞர்களுள் ஒருவரான அபூபக்ர் அல்கஃப்பால் (ரஹ்) பூட்டுச் செய்யும் தொழிலாளி. முப்பது வயதானபின் படிக்கத் தொடங்கினார். ஆசிரியர் முதல் நாள் சொல்லிக்கொடுத்த மூன்றே சொற்களை இரவு முழுவதும் உரத்துச் சொல்லிப் பழகிவிட்டு, விடியும் நேரத்தில் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தபோது அவற்றை மறந்து போனார் என்று ஒரு செய்தி சொல்லப்படுகிறது. கலங்கிப்போய் வெளியே வந்தவரிடம் அயல் வீட்டுப் பெண், அந்தச் சொற்களையே சொல்லி, "இரவெல்லாம் எங்களைத் தூங்கவிடவில்லையே" என்று கடிந்துகொண்டாளாம். மறந்ததை அவர் அவளது வாயிலிருந்தே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஹிஜ்ரி 417இல் அவர் மறைந்தபோது மத்ஹபின் ஓர் அறிவு மரபுக்கே தலைவராக இருந்தார். உங்கள் மகன் கதை கேட்பவன் அல்லவா? இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நிறுத்த வேண்டாம், வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். குர்ஆனை முழுதாக ஓதி முடிப்பது எந்தப் பிள்ளைமீதும் கடமையாக்கப்படவில்லை. தொழுகைக்கு வேண்டிய, குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவைச் செவி வழியாக அவன் நிச்சயம் கற்றுக்கொள்வான். அதுகூட உண்மையாகவே இயலாதவருக்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது: வேறு வசனங்கள், அதுவும் முடியாவிட்டால் திக்ர் (இறைவனைத் துதிக்கும் சொற்கள்), அதற்கும் இயலாதவர் பாத்திஹா ஓதும் நேரமளவு மௌனமாக நிற்பது என்று ஷாபிஈ மத்ஹபில் படிப்படியாகச் சொல்லப்பட்டுள்ளது. தம்மால் குர்ஆனிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியவில்லை என்று வந்து சொன்ன ஒரு மனிதரை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று தொடங்கும் சில சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மனிதர், "இவை அல்லாஹ்வுக்குரியவை, எனக்கு என்ன?" என்று கேட்டார், தமக்காகக் கேட்க வேண்டிய துஆவையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள் என்று அபூதாவூத் என்ற ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது.