ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் நரம்பு நோயா?

கேள்வி: டாக்டர் ஐயா, பெகுவில் இருக்கிறேன். வயது 52. பல ஆண்டுகளாகச் சைவ உணவுதான். எட்டு மாதமாக இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மதமதப்பும், இரவில் அதிகம். இப்போது கணுக்கால்வரை ஏறிவிட்டது. நடக்க முடிகிறது, கைகளில் ஒன்றும் இல்லை. யாங்கூனில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. 1:160 பாசிட்டிவ், ருமடாய்டு காரணி 22, இ.எஸ்.ஆர். 36, ஹீமோகுளோபின் 10.4, எச்.பி.ஏ.1.சி. 6.1, வைட்டமின் பி12 238 என்று வந்திருக்கிறது. தைராய்டும் சிறுநீரகமும் சரி. நெஞ்செரிச்சலுக்கு மூன்று ஆண்டாக ஒமேப்ரசோல் சாப்பிடுகிறேன். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது, உடனே ஸ்டீராய்டு வேண்டும் என்று மகன் இணையத்தில் படித்துவிட்டுச் சொல்கிறான். மருந்துக் கடையில் பிரெட்னிசோலோனும் வாங்கி வைத்துவிட்டான். தொடங்கலாமா?

பதில்: அம்மா, தொடங்காதீர்கள். நீங்கள் எழுதிய எண்களில், உடல் தன் நரம்பையே தாக்குகிறது என்று காட்டுவது ஒன்றுகூட இல்லை. ஆனால் பாத எரிச்சலுக்குக் காரணமாகக்கூடிய இரண்டு எண்கள் அதே தாளில் இருக்கின்றன. ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்த பயத்தில் அவற்றை யாரும் கவனிக்கவில்லை.

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று தேடுவது ஏ.என்.ஏ. சோதனை. 1:160 என்றால், 160 மடங்கு நீர்த்த பிறகும் அது தென்படுகிறது என்று பொருள். எந்த நோயும் இல்லாதவர்களை அழைத்துச் சோதித்தாலும் 1:40 அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், 1:160 அளவில் இருபதில் ஒருவருக்கும் பாசிட்டிவ் வரும். பெண்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் இன்னும் சற்று அதிகம். கண்ணும் வாயும் ஓயாமல் வறண்டால், மூட்டுகள் வீங்கினால், வெயில் பட்டதும் முகம் சிவந்தால், சிறுநீரில் புரதம் போனால் அப்போது இந்த எண்ணுக்கு மதிப்பு வருகிறது. எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் ஷோகிரன், லூபஸ் என்ற நோய்களுக்கு உரிய அடுத்த கட்ட எதிர்பொருள்களைத் தேடலாம். இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ருமடாய்டு காரணி என்பது மூட்டுவாதத்தைத் தேடும்போது பார்க்கும் எதிர்பொருள். 22 என்பது மிகச் சிறிய ஏற்றம். நாட்பட்ட தொற்றுகளிலும் அது ஏறும். மூட்டு வலி இல்லையென்றால் அதற்குப் பெரிய பொருள் இல்லை. உடலில் அழற்சி இருக்கிறதா என்று பொதுவாகக் காட்டும் இ.எஸ்.ஆர். வயதோடு கூடும். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் உச்ச வரம்பு கிடைக்கும். உங்களுக்கு அது 31. உங்களுக்கு இருக்கும் இரத்தசோகையே அதை 36க்கு ஏற்றப் போதுமானது.

இப்போது பி12. 238 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஆய்வகம் ‘நார்மல்’ என்று அச்சடித்திருக்கும். 200க்குக் கீழே போனால் குறைவு என்பது பொது வழக்கம். 200க்கும் 300க்கும் இடையில் இருப்பவர்களில் பலருடைய நரம்பு உண்மையில் பட்டினி கிடக்கிறது. நீங்கள் சைவம். பி12 கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான். போதாக்குறைக்கு, மூன்று ஆண்டாக ஒமேப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைத்து, உணவில் இருக்கும் கொஞ்சத்தையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மேலே இரத்தசோகை வேறு. இந்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் பி12ஐத்தான் முதலில் சந்தேகிப்பார். பி12 குறைந்தால் இரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் சோதனை அதை உறுதி செய்யும். சோதனைக்கு இரத்தம் கொடுக்கும் முன் பி12 ஊசியோ மாத்திரையோ எடுக்காதீர்கள். எடுத்தால் எண் உயர்ந்து உண்மையை மறைத்துவிடும். அந்தச் சோதனைகள் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவர் மேற்பார்வையில் ஊசியைத் தொடங்கிவிடலாம் என்பது என் கருத்து. தாமதம் நீண்டால் நரம்பு முழுதாகத் திரும்புவதில்லை.

இரண்டாவது எண், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பாத எரிச்சல் சிலருக்கு இந்த நிலையிலேயே தொடங்கிவிடும். நம் மியன்மாரில் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ஹீமோகுளோபின் பலருக்குப் பிறவியிலேயே உண்டு. அதுவும் இரத்தசோகையும் இந்த எண்ணைப் புரட்டிவிடக்கூடும். ஆகவே வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பாருங்கள்.

நீங்கள் எழுதாத சிலவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. காசநோய்க்கு மருந்து சாப்பிட்டீர்களா? ஐசோனியாசிட் பி6ஐக் குறைத்து இதே எரிச்சலைத் தரும். தீட்டிய வெள்ளை அரிசியே முக்கிய உணவா, வெற்றிலை பாக்கு உண்டா? பாக்கும் கடுந்தேநீரும் பி1ஐ உடலுக்கு எட்டவிடாமல் செய்யும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருக்கிறதா? முழங்கையின் உட்புறத்திலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று மருத்துவர் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தேசிய அளவில் தொழுநோயை ஒழித்ததாக நம் நாடு 2003இல் அறிவித்தது என்றாலும் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அதற்கான கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். வெட்கப்பட்டு மறைக்கும் நோயே அல்ல. அந்த நோய் ஏ.என்.ஏ.யையும் ருமடாய்டு காரணியையும் ஏற்றிக் காட்டும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அதே காரணத்துக்காகக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மகன் படித்தது அநேகமாக, எதிர்ப்புச் சக்தி நரம்பின் உறையைத் தாக்கும் சி.ஐ.டி.பி. என்ற நோயைப் பற்றியதாக இருக்கும். அது உண்மையான நோய், சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் அதன் முகம் வேறு: இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கால்களிலும் கைகளிலும் பலம் குறைந்துகொண்டே வரும், படி ஏறவும் உட்கார்ந்து எழவும் சிரமம், சுத்தியலால் தட்டினால் முழங்கால் அசையாது. அதைக் கண்டுபிடிப்பது இரத்தத்தில் அன்று, நரம்புக் கடத்தல் சோதனையில். சிலருக்கு முதுகுத்தண்டு நீரில் புரதத்தையும் பார்ப்போம். நியூரோஃபாசின், காண்டாக்டின் போன்ற எதிர்பொருள்கள் சிலரிடம் மட்டுமே கிடைக்கும். ஜி.எம்.1 என்ற எதிர்பொருள் தசை நரம்புகளை மட்டும் தாக்கும் இன்னொரு நோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வரும். அந்த நோயில் ஸ்டீராய்டு கொடுத்தால் பலவீனம் கூடிவிடலாம். இந்த விலை உயர்ந்த சோதனைகளை நரம்பியல் மருத்துவர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். மாறாக, இரத்தப் புரத எலக்ட்ரோஃபோரேசிஸ் என்ற எளிய சோதனையை எல்லோருக்குமே கேட்பது என் வழக்கம். எலும்பு மச்சையிலிருந்து வரும் தவறான புரதத்தால் நரம்பு கெடுவதை அது காட்டிக்கொடுக்கும்.

பிரெட்னிசோலோனைப் பற்றி: சர்க்கரை எல்லையில் நிற்கும் உங்களை அது சர்க்கரை நோய்க்குள் தள்ளிவிடக்கூடும். உள்ளே உறங்கும் காசநோயோ ஹெபடைட்டிஸ் பி-யோ இருந்தால் அதை எழுப்பிவிடக்கூடும். கடையில் யாரும் சீட்டுக் கேட்காமல் தருகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய வருத்தம். நரம்பு மாத்திரை என்று விற்கும் பி1, பி6, பி12 கலவையையும் நீங்களே மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்; பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இரவு எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் அல்லது கபாபென்டின் மருத்துவர் தரலாம்.

இன்னொன்று. கோயிலிலும் பகோடாவிலும் நண்பகல் வெயிலில் சுட்ட தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலையிலோ மாலையிலோ போங்கள். சூடு தெரியாத பாதம் வெந்துபோவது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். இந்த ஆண்டு தீமிதி நேர்த்திக்கடன் இருந்தால் தயவுசெய்து தள்ளிவையுங்கள். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஒரு காலோ கையோ திடீரெனத் தொங்கிப் போனாலும், சில நாட்களிலேயே பலவீனம் மேலேறினாலும், மூச்சோ விழுங்குவதோ சிரமமானாலும், சிறுநீர் கட்டுப்படாவிட்டாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இவை இல்லாதவரை, இந்தத் தாளோடு ஒரு நரம்பியல் மருத்துவரைச் சில வாரங்களுக்குள் பார்த்தால் போதும். ஒமேப்ரசோல் பட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.