கப்பலில் ஓர் ஆணி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹெர்மன் மெல்விலின் ‘மோபி டிக்’ நாவலைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அமெரிக்க நாவல் என்றால் மேற்கே விரியும் நிலம் என்றே நினைத்திருந்தேன். இதுவோ ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலோடு கடலிலேயே கிடக்கிறது. இதை உலகமயமாக்கலின் நாவல் என்கிறார் நண்பர். இந்தியா சந்தையைத் திறந்துவிட்ட 1991க்குப் பிறகு வந்ததை 1851இல் வெளியான நாவலில் தேடுவது அதிகப்படி அல்லவா? திமிங்கில உடற்கூறு அத்தியாயங்களைத் தாண்டிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

தாராளமாகத் தாண்டுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. நிலம் பற்றிய கேள்விக்கும் நீண்ட பதில் வேண்டாம். ஆனால் 1991 என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சந்தை நம் வீட்டு வாசலுக்கு வந்த ஆண்டையே அது பிறந்த ஆண்டாக எண்ணிக்கொள்வது நம்மவர்களின் பழைய வியாதி.

16ஆம் அத்தியாயத்தைப் படித்தீர்களா, புரட்டினீர்களா? நாவலில் வரும் வேட்டைக் கப்பலான பீக்வாடின் முதலாளிகள் பெலெக், பில்டாட் என்ற இரண்டு கிழவர்கள் மட்டுமல்ல. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவின் விதவைகளும் தகப்பனில்லாப் பிள்ளைகளும் அதில் பங்குதாரர்கள். ஒருவருக்கு ஓர் அடிப் பலகை, இன்னொருவருக்கு ஓரிரு ஆணி. மாலுமிக்குச் சம்பளம் கிடையாது, வருமானத்தில் பங்குதான். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே பில்டாட், கதைசொல்லியான இஷ்மேலுக்கு 777இல் ஒரு பங்கு என்கிறார். பேரம் 300இல் ஒன்றில் முடிகிறது. ஈட்டி எறிவதில் சூரனான அவன் நண்பன் குவீக்வெக்குக்கு 90இல் ஒன்று. ஆக, நான்டக்கெட் விதவையின் அடுப்பு எரிவது ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே எவனோ எறியும் ஈட்டியைப் பொறுத்தது. இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

இன்னும் கேளுங்கள். அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் சாதாரண மாலுமிகளில் பாதிப்பேர்கூட அமெரிக்காவில் பிறந்தவர்கள் இல்லை, அதிகாரிகளோ ஏறக்குறைய எல்லாரும் அமெரிக்கர்கள் என்கிறது 27ஆம் அத்தியாயம். ராணுவத்திலும், கால்வாய் ரயில்பாதை வேலைகளிலும் இதே கதைதானாம். மூளை இவர்களுடையது, உடம்பு ஊரான்களுடையது. மெல்வில் இதை நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 1841இல் அக்குஷ்நெட் என்ற வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் போய், மறு ஆண்டே பசிபிக்கின் மார்க்கேசஸ் தீவுகளில் இறங்கி ஓடிவிட்டவர் அவர்.

என் தாய்மாமா தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலுக்குப் போனவர். எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை. விடுமுறையில் வரும்போது அட்லஸை விரித்துவைத்து அவர் போன ஊர்களைக் காட்டச் சொல்வேன். அவர் அதன் பக்கம் திரும்பவே மாட்டார். பிரேசிலின் சாண்டோஸ் என்றால், “அங்கே மழை வந்தால் சரக்கு ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள், நன்றாகத் தூங்கலாம்” என்பார். யோகோஹாமா என்றால் குளிர்ந்த இரும்புப் படி. கப்பலின் கொடி ஒரு நாட்டினுடையது, கேப்டன் வேறொரு நாட்டவர், சமையல்காரர் மூன்றாவது நாடு. அவருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்த முதலாளி எந்த நாடு என்று கடைசிவரை தெரியவில்லை.

44ஆம் அத்தியாயத்தில், ஆடும் விளக்கின் கீழ் பீக்வாடின் கேப்டன் ஆகாப் கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடு இழுக்கிறான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாமாதான் நினைவுக்கு வருகிறார். கோடு இழுப்பவனுக்குக் கடல் ஒரு தாள். கீழ்த்தளத்தில் முறைவேலைக்குக் காத்துக் கிடப்பவனுக்கு அது வேலைத்தலம். நம் விமர்சகர்கள் வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் ஆகாபின் வெறியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். துடுப்புப் போட்டவர்களை நாவலின் நடுவில் வைத்துப் பார்த்தவர் டிரினிடாட்காரரான சி.எல்.ஆர். ஜேம்ஸ். 1952இல் நாடு கடத்துவதற்காக அமெரிக்க அரசு அவரை நியூயார்க் அருகே எல்லிஸ் தீவில் அடைத்துவைத்திருந்தபோது மெல்வில் பற்றிய தன் நூலை எழுதினார். இடம் அப்படி, விளங்காமல் எப்படி இருக்கும்?

மீண்டும் தொடங்குவதானால் 40ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். நாடகமாகவே எழுதப்பட்டது. பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது, ஊர்தான்: மால்ட்டா மாலுமி, ஐஸ்லாந்து மாலுமி, தாஹித்தி மாலுமி, நம் பக்கத்துக் கப்பல் கூலியாளான லஸ்கர் ஒருவன். வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் யார் சிரித்தாலும் சரி.

அன்புடன்