இரு பேராறுகள் கூடும் கெய்ரோ

கேள்வி: அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள கெய்ரோவைப் பார்த்து வந்த என் மகள், அங்கே பல வீதிகள் ஆளரவமின்றிக் கிடப்பதாகவும், அதுவே ஒரு கவுண்டியின் தலைமையிடம் என்றும் கூறுகிறாள். மிசிசிப்பியும் ஒஹாயோவும் கூடும் ஊர் இப்படித் தேய்ந்ததற்கு வெள்ளந்தான் காரணமா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: கவுண்டி என்றதும் நம் திருநெல்வேலி மாவட்டத்தின் அளவை மனத்தில் கொள்ள வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி அலெக்சாண்டர் கவுண்டி முழுவதிலும் வாழ்பவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களுள் 1,733 பேர் கெய்ரோவாசிகள். நீதிமன்றமும் நிலப்பதிவு அலுவலகமும் இருக்கும் ஊரே தலைமையிடம் என்பதால், மக்கள் குறைந்தாலும் அந்தத் தகுதி நீடிக்கிறது.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தில் தத்தளித்த ஊரிலிருந்து வரும் கேள்வி என்பதால் வெள்ளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரு ஆறுகளுக்கும் நடுவே கூர்ந்து நீளும் தாழ்நிலத்தில் கரைகளையும் சுவர்களையும் எழுப்பி, அவற்றுக்குள் ஊரை அமைத்திருக்கிறார்கள். வடக்கே நெடுஞ்சாலை நுழையும் இடத்தில்கூட, வெள்ளக் காலத்தில் அடைப்பதற்கு ஒரு பெரிய இரும்புக் கதவு உண்டு. 1937 பெருவெள்ளத்தில் இந்தக் கரைகள் தாங்கின. 2011 மே 2 இரவு, நீர்மட்டம் 61 அடியைத் தாண்டிய நிலையில், எதிர்ப்புறம் மிசௌரியிலுள்ள பேர்ட்ஸ் பாயின்ட் கரையை இராணுவப் பொறியாளர்கள் வெடிவைத்துத் தகர்த்து, ஏறத்தாழ 1,30,000 ஏக்கர் நிலத்தில் நீரைப் பாயவிட்டார்கள். ஊர் தப்பியது; ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மிசௌரி விவசாயிகள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே கெய்ரோவை அழித்தது வெள்ளம் அன்று. நம் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது தாமிரபரணியின் வண்டல். கெய்ரோவிலோ ஆறுகள் இருந்த இடத்திலேயே இருக்க, வணிகம் விலகிப் போயிற்று. 1850களில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதை அங்கே வந்து முடிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் வடமாநிலப் படையின் ஜெனரல் கிராண்ட் அங்கே பாசறை அமைத்து, அடுத்த ஆண்டு தென்மாநிலங்களின் ஆற்றுக் கோட்டைகளை நோக்கிப் படை நடத்தினார். சரக்கும் பயணிகளும் ரயிலிலிருந்து இறங்கிப் படகேற வேண்டியிருந்த வரையில் ஊருக்கு வருமானம் இருந்தது. 1889இல் ஒஹாயோவின் மேல் ரயில் பாலம் திறந்ததும் அந்தக் கட்டாயம் நீங்கியது. பின்னாளில் 57ஆம் எண் நெடுஞ்சாலையும் ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போயிற்று. ஆயினும் 1920இல் அங்கே 15,203 பேர் வாழ்ந்தார்கள் என்பதால், பாலத்தின் மேல் மட்டும் பழிபோட முடியாது.

மிக முக்கியமான காரணம் நிறவெறி என்றே நான் கருதுகிறேன். 1909இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரைப் பெருங்கூட்டம் ஒன்று நடுவீதியில் கொன்றது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் நிலைமை மாறவில்லை: கறுப்பின மக்களுக்கும் திறந்துவிட மனமில்லாமல் 1960களில் நீச்சல் குளத்தையே மூடினார்கள். வெள்ளையர் கடைகளில் தங்களுக்கு வேலை மறுக்கப்பட்டதை எதிர்த்து, 1969 முதல் கறுப்பின மக்கள் அக்கடைகளைப் புறக்கணித்தார்கள். அவர்களை வேலைக்கு எடுப்பதைவிடக் கடையைப் பூட்டுவதே மேல் என்று முடிவு செய்த வணிகர்கள் பலர். கடைகள் மூடியபின் வேலை தேடி இரு தரப்பினருமே வெளியேறினார்கள். உங்கள் மகள் கண்ட வெறிச்சோடிய வீதிகளுள் பல, அப்படி மூடப்பட்ட கடைகள் இருந்த வீதிகளே.