போதும் என்பதை யார் சொல்வது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 43. சென்ற ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சொந்தமாக வீடு வாங்கினேன். கிரகப்பிரவேசத்தன்று இருந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. நான்கைந்து மாதங்களில் அது போன இடம் தெரியவில்லை. இப்போது அந்த வீட்டில் என் கண்ணில் படுவதெல்லாம் குளியலறைச் சுவரின் ஓதமும் மாதத் தவணையும்தான். அலுவலகத்திலும் இதே கதை. சம்பள உயர்வு வந்த அன்று மனம் துள்ளுகிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கு எவ்வளவு என்று தெரிந்ததும் அடங்கிவிடுகிறது.

என் அப்பா மயிலாடுதுறையில் இருக்கிறார். சிறிய அச்சகம் ஒன்றில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளை அச்சுக் கோப்பவராக இருந்தவர். ஈய எழுத்து தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்து அச்சகத்தை மூடிய பிறகு நெல் மண்டியில் கணக்கு எழுதினார். அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தனியாகத்தான் இருக்கிறார். சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றால், “எனக்கு இங்கே என்னப்பா குறை?” என்கிறார். போன மாதம் அம்மாவின் திவசத்தன்று வாய்விட்டு அழுதார். அன்று சாயங்காலமே வாசகசாலைக்குப் போய்ப் பத்திரிகைகளை அடுக்கி வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்துப் பார்த்து, பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைக்கிறார். யாரிடமும் அவற்றைக் காட்டுவதில்லை.

அப்பா மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவரிடம் இருக்கும் ஏதோ ஒன்று என்னிடம் இல்லை. அது மனநிறைவா, அல்லது இனி ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டவர் செய்துகொண்ட சமாதானமா? கட்டாயப்படுத்தியாவது அவரை அழைத்து வந்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வீடு வாங்கிய மகிழ்ச்சி கரைந்துபோனதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. மகிழ்ச்சி என்பது மாற்றத்தைக் கண்டு எழுவது. மாற்றம் பழகிவிட்டால் அதுவும் அடங்கும். பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் லாட்டரியில் பெரும்பரிசு விழுந்த 22 பேரை ஆராய்ந்து 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரிசு பெறாத மற்றவர்களைவிட அவர்கள் அப்படியொன்றும் அதிக மகிழ்ச்சியுடன் இல்லை. இந்த முடிவை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே கட்டுரையில் இருக்கும் இன்னொரு செய்திதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. காலைச் சிற்றுண்டி, நண்பருடன் பேச்சு, பத்திரிகை வாசிப்பு போன்ற அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்கள் பரிசு பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே சுவைத்தன. சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒரு பெரிய மகிழ்ச்சி, பக்கத்தில் இருக்கும் சிறிய மகிழ்ச்சிகளை மங்கச் செய்துவிடும் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வீடு வருவதற்கு முன்னால் உங்கள் மாலைப்பொழுதுகளில் என்ன இருந்தது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆண்டுதோறும் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2018 முதல் தொடர்ந்து பின்லாந்துதான் அதில் முதலிடம். அந்த நாட்டுக்காரர்கள் ஓயாமல் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. அந்த வரிசைக்காகக் கேட்கப்படும் கேள்வி சிரிப்பைப் பற்றியதே அல்ல. ஓர் ஏணியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை, இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நேற்று நிறையச் சிரித்தீர்களா, அதிகம் கவலைப்பட்டீர்களா என்பவை தனிக் கேள்விகள். இரண்டு வகைக் கேள்விகளுக்கும் வரும் விடைகள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாள் முழுக்கச் சிரித்தவர் ஏணியில் தாழ நிற்கலாம், அழுதவர் மேலே நிற்கலாம். உங்கள் அப்பாவிடம் நீங்கள் கண்டு திகைத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய தொழிலை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இளவயதில் ஒரு சிறுபத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க அச்சகத்துக்குப் போவதுண்டு. அங்கே மூத்த கம்பாசிட்டர் ஒருவர் எழுத்துகளைப் போட்டு வைக்கும் அறைகள் கொண்ட சாய்வான கேஸின் முன்னால் நின்றபடியே வேலை செய்வார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். வலது கை அறை அறையாகப் போய் ஈய எழுத்துகளை எடுத்து வரும். இடது கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் என்ற சிறு சட்டத்தில் அவை தலைகீழாக ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். வரி முடியும் இடத்தில்தான் அவருடைய திறமை தெரியும். சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, தேவைப்பட்டால் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, வரியை இறுக்குவார். பிறகு விரலால் அதை லேசாக முன்னால் சாய்ப்பார். பிடிக்காமலே நின்றால் சரி. சரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. தளர்ந்த வரியை அப்படியே விட்டால் டிரெடில் அச்சு இயந்திரம் ஓடும்போது எழுத்து எகிறிவிடும். வரி நின்றதும் அவர் முகத்தில் எதுவும் தெரியாது, அடுத்த வரிக்குப் போய்விடுவார். அச்சடித்து முடிந்த பிறகு அத்தனை எழுத்தையும் கழுவி, பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அதையும் அதே முகத்துடன்தான் செய்வார். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, விரலுக்குப் பல ஆண்டுகள் பழகிப்போயிருந்த பழைய ணை, லை, றா வடிவங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்தத் தலைமுறை கம்பாசிட்டர்கள் புது வழக்கத்துக்குக் கையைத் திருப்பிக்கொண்டார்கள்.

வரி நின்றதா இல்லையா என்பதை முதலாளி வந்து சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கேஸில் நிற்பவர் எத்தனை வரி முடித்தார் என்பதாலும் அது மாறாது. விரலே சொல்லிவிடும். மனநிறைவு என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்: எது போதும் என்ற அளவு நம்மிடமே இருப்பது. உங்கள் சம்பள உயர்வின் அளவு உங்களிடம் இல்லை, பக்கத்து இருக்கையில் இருக்கிறது. அவர் வாய் திறக்கும் வரைக்கும்தான் உங்கள் மகிழ்ச்சிக்கு ஆயுள். அந்தத் தொகை இரண்டு மடங்காக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

துயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகிழ்ச்சியும் துயரமும் சேர்ந்திருப்பது கடினம், ஒன்று வந்தால் மற்றது ஒதுங்கிவிடும். நிறைவு அப்படி ஒதுங்குவதில்லை. கிரேக்க தத்துவ அறிஞர் எபிகூரஸ் கி.மு. 270 வாக்கில் சிறுநீர் அடைத்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து, கடும் வலியில் இறந்தார். சாகும் தறுவாயில் இடோமெனியூஸ் என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. வலி இதற்கு மேல் கூட முடியாது என்கிறார். ஆனாலும் இது இன்பமான நாள் என்கிறார். நாம் பேசியவற்றை நினைத்துப் பார்க்கும் ஆனந்தம் அத்தனை வலிக்கும் எதிரே நிற்கிறது என்கிறார். பிறகு, இறந்துபோன இன்னொரு நண்பரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறார். வலியை அவர் மறைக்கவில்லை. திவசத்தன்று அழுத உங்கள் அப்பாவும் மறைக்கவில்லை. அழுதுவிட்டு வாசகசாலைக்குப் போனது துக்கத்தை மறப்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே அவருக்கு வேலை இருந்தது, போனார்.

இனி உங்கள் கடினமான கேள்வி. அவருடைய “என்ன குறை” என்பது தோற்றுப்போனவரின் சமாதானமா? இப்படிச் சந்தேகப்படுவது நியாயம்தான். நம் சமூகத்தில் மனநிறைவைப் பற்றிய உபதேசம் பெரும்பாலும் இல்லாதவர்களை நோக்கித்தான் போயிருக்கிறது. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பதை, களத்தில் நெல்லை அளந்து கொடுக்கிற கை சொன்னால் அதற்குப் பொருளே வேறு. உங்கள் ஊரும் சேர்ந்த பழைய கீழத்தஞ்சையில், கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். அந்த மக்களிடம் போய் மனநிறைவைப் பற்றிப் பேசும் உரிமை இந்த உலகத்தில் எவருக்கும் கிடையாது.

புறநானூற்றில் நக்கீரனார் பாடிய 189-ஆம் பாட்டில் வரும் ‘உண்பது நாழி உடுப்பவை இரண்டே’ என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எளியவரை அடங்கியிருக்கச் சொல்லும் வரி போலவே அது பயன்படுத்தப்படுகிறது. பாட்டை முழுதாகப் படித்தால் வேறு விஷயம் தெரியும். உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவனையும், நள்ளிரவிலும் பகலிலும் தூங்காமல் விலங்குக்குக் காத்திருக்கும் படிக்காத வேடனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இருவருக்கும் வேண்டியது ஒரே அளவுதான் என்கிறார். உடனே ‘செல்வத்துப் பயனே ஈதல்’ என்று முடிவுக்கு வருகிறார். அள்ளி வைத்திருப்பவனுக்குச் சொன்ன பாட்டு அது. நாழிகூட இல்லாதவனுக்கு அதில் எந்த உபதேசமும் இல்லை.

ஆகவே ஒருவர் போதும் என்றால், அவருக்கு வேறு வழி இருந்ததா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் அப்பாவுக்கு இருக்கிறது. மகன் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, அவர் வரவில்லை. அச்சகம் மூடியபோது அவர் தோற்றிருக்கலாம். கைத்தொழிலை இழந்து மண்டியில் கணக்கு எழுதப் போவது எளிதாகவா இருந்திருக்கும்? அந்த இழப்பை நிறைவு என்று மாற்றிப் பெயர் சூட்டத் தேவையில்லை. ஆனால் தோல்வியிலேயே தங்கிவிட்டவர் பிறர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் ஒற்றுப்பிழைக்காகச் சிவப்புப் பேனாவை எடுக்கமாட்டார். நிறைவு வந்தால் மனிதன் சோம்பிவிடுவான் என்று சொல்பவர்களுக்கும் அந்தச் சிவப்பு மையே பதில். பாராட்டும் கூலியும் கிடைக்காத இடத்தில்கூட ஒரு வல்லினம் மிகாததை அவரால் விட்டுவிட முடியவில்லை. அடுத்த முறை போகும்போது அந்தப் பத்திரிகைகளை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன பிழை என்று கேளுங்கள். நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு ஒரு தகப்பன் பிள்ளையிடம் உண்மையான பதில் சொல்வது அரிது.

உங்களைப் பொறுத்தவரை, வேலையையும் வீட்டையும் விடச் சொல்லமாட்டேன். யாரும் கேட்காமலே ஒரு நிரலை ஒழுங்காக எழுதி முடித்து, இது சரி என்று உங்களுக்கே தெரிந்த ஒரு மாலை நிச்சயம் இருந்திருக்கும். அப்படிப்பட்ட வேலை உங்கள் வாரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குறைவாக இருந்தால் கூட்டுவதற்கு வழி தேடுங்கள். சம்பளப் பேச்சில் உரியதைக் கேட்டு வாங்குங்கள், அது வேறு கணக்கு. சுவரின் ஓதத்தை ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள். சரிசெய்யக்கூடியதைப் பொறுத்துக்கொண்டு இருப்பதற்கு மனநிறைவு என்று பெயர் வைக்கக் கூடாது.

அப்பாவைக் கட்டாயப்படுத்தி அழைத்து வராதீர்கள். வாசகசாலையும் ஜன்னலும் தெரிந்த முகங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைக் கவலைப்பட வைத்தது. பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்துப் படிக்கிறார் என்கிறீர்கள். இப்படிப்பட்ட மனிதர்கள் உடம்பின் உபாதையைக்கூடக் குறையாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால் வெளிச்சம் போதவில்லை என்பார்கள். இந்த மாதமே போய் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கண்புரையாக இருந்தால் லென்ஸ் வைத்துச் சரிசெய்துவிடலாம், பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறார்கள். வேறு ஏதாவது என்றால் தாமதிக்காமல் கவனிக்க வேண்டும். அப்படியே வாசகசாலையில் தினமும் அவரைப் பார்க்கிற ஒருவரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவர் வராத நாளில் கூப்பிட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்